தலைவர் வீட்டுத் தெரு

என் மனைவி கிராமப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த காலத்தில் ஊரில் எல்லோரும் என்னைத்தான் ‘தலைவரே’ என்று கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை என் கைக்கு வந்தது. கோயில் திருவிழாவில் மாலை என் கழுத்தில் விழுந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று திருக்கனூரில் இருக்கும் என் ஹார்டுவேர் கடைக்கே வந்து நின்றார்கள். நான் ஒரு கையில் பெயிண்ட் டப்பாவும் இன்னொரு கையில் அவர்களுடைய மனுவுமாக விழித்துக்கொண்டிருப்பேன். அந்தத் தடவை எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெண்ணுக்கு ஒதுக்கினால் நாற்காலியில் புருஷன் உட்காருவான் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தச் சட்டம் தெரியாத ஒருத்தி ஊரில் இருந்தாள். அவளைத்தான் நான் கட்டியிருந்தேன்.

பதவி ஏற்ற சூட்டோடு சூடாக எனக்கு உத்தரவு போட்டாள். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் நான் வரக்கூடாது. வந்தால் மனு கொடுக்க வந்தவர்களோடு வெளியே நிற்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நம் கடையிலிருந்து பஞ்சாயத்து வேலைக்கு ஒரு ஆணிகூடப் போகக்கூடாது என்றாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அதுவரை, சுற்றுவட்டாரக் கிராமங்கள் சேர்ந்த எங்கள் கொம்யூனில் பஞ்சாயத்து வேலை எடுக்கிற காண்ட்ராக்டர்களில் பாதிப் பேர் என் கடையில்தான் சிமெண்ட் எடுத்தார்கள்.

“ஊருக்கு நல்லது பண்ணு, வேணாங்கல. என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடற?” என்று கேட்டேன்.

“கடை எனக்கு முன்னாடியும் இருந்துச்சு, எனக்கு அப்பறமும் இருக்கும். நடுவுல கொஞ்ச வருஷம் பல்லக் கடிச்சிக்கோங்க” என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

நான் கொஞ்ச நாள் அவளோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த சண்டை. உண்மையான சோதனை என் அண்ணியின் உருவத்தில் வந்தது.

அண்ணன் வீடு எங்கள் தெருவின் உள்கோடியில் இருந்தது, எங்கள் வீட்டைத் தாண்டிப் போக வேண்டும். அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய நிலைமை வந்தது. நன்றாக இருந்த காலத்தில் அண்ணி நெல் மூட்டையைத் தனியாகப் புரட்டிப் போடுவார். குரல் எடுத்தால் கரும்புக் கொல்லையின் அந்தப் பக்கம் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். உடம்பு கால்வாசியாகக் குறைந்த பிறகும் குரல் மட்டும் குறையவில்லை. எங்கள் தெருவோ களிமண் தெரு. வெயில் காலத்தில் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே நின்றுகொள்வார்கள். அந்த முதல் மழைக்காலத்தில் அண்ணியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் அண்ணனும்தான் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு நாள் அண்ணன் கால் வழுக்கி மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். அண்ணி முழு உடம்பும் சேறாக, கையில் ஊசி போடும் இடத்தை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தபடி கிடந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்னொரு மழைக்காலத்தை இப்படித் தள்ள முடியாது என்று அன்றைக்கு அண்ணன் சொன்னார். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அதனால் அடுத்த சித்திரையில், எங்கள் ஊருக்கு ஒரு சிமெண்ட் ரோடு வந்திருக்கிறது, எந்தத் தெரு என்று தலைவர் சொன்னால் போதும் என்று கொம்யூன் பஞ்சாயத்து என்ஜினீயர் சொல்லி அனுப்பியபோது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தலைவர் வீடு இருக்கிற தெருவுக்கு ரோடு போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கே நியாயமான காரணமும் இருந்தது. அண்ணன் தன் வீட்டு வாசலில் கிடந்த துணி துவைக்கிற கல்லை அப்புறப்படுத்தி, ரோடு வர இடம் விட்டுத் தயாராக இருந்தார்.

கிராம சபைக் கூட்டம் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்தது. என் மனைவி எழுந்து, ரோடு காலனிக்கு என்றாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது காலனி. காட்டேரிக்குப்பம் பக்கமும் திருக்கனூர் பக்கமும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே அதிகம். மழை வந்தால் அவர்கள் தெருவில் ஓடைத் தண்ணீர் ஏறிவிடும். முந்தின கார்த்திகையில் அங்கே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் மெயின் ரோட்டில் நின்றது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பாதி வழியில், தூக்கியவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. என் மனைவி அன்றைக்கு அந்தத் தண்ணீரில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிராம சபையில்தான் சொன்னாள். எங்கள் தெரு அதற்கடுத்த முறை என்றும் சொன்னாள்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்திலிருந்து எழுந்து போனார். காலனிக்காரர்கள்கூடக் கை தட்டவில்லை. நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேர்மையான தலைவர் வேண்டும் என்று ஊரே ஆசைப்படும். அந்த நேர்மை தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் அதன் உறைப்பு தெரியும்.

ஆவணியில் காண்ட்ராக்டர் கடைக்கு வந்தார். பழைய வாடிக்கை. வேலையைத் தொடங்கப்போகிறேன் என்றார். பிறகு கல்லாப் பக்கம் குனிந்து குரலை இறக்கினார்.

“தலைவரே, உங்க அண்ணி சமாச்சாரம் கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. காலனி ரோட்டுல கனத்துல ஒரு விரக்கட கொறச்சிக்கினா யாருக்குத் தெரியப் போவுது? அதுல மிச்சம் புடிச்சி உங்க தெருவுக்கும் மேலால ஒண்ணு இழுத்து வுட்டுடறேன். என்ஜினீயரை நான் பாத்துக்கறேன். தலைவரம்மா கண்டுக்காம இருந்தா போதும்.”

சிமெண்ட் விற்கிறவனுக்குக் கணக்குப் புரியாமல் இருக்குமா? ஒரு விரல் தடிமனைக் குறைத்த மிச்சத்தில் இன்னொரு தெரு வராது. ஜல்லியைக் குறைப்பான், கலவையில் மண்ணைக் கூட்டுவான். இரண்டு ரோடும் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. ஆனால் இரண்டு மழைக்குத் தாங்கும். அந்த இடத்தில்தான் என் புத்தி நின்றது. டாக்டர்கள் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லையே தவிர, அண்ணிக்கு அதற்கு மேல் ரோடு தேவைப்படாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். காண்ட்ராக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரை நான் கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். மனசு கேட்கவில்லை என்று அவர் சொன்னது பாதியாவது நிஜம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்படியே அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, “வாங்க” என்று கிளம்பினாள். காண்ட்ராக்டரைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக அண்ணன் வீட்டுக்குள் போனாள்.

அண்ணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் மனைவி தரையில் உட்கார்ந்தாள். காண்ட்ராக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். காலனி ரோட்டில் எதைக் குறைப்பார்கள், அதனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்.

“உங்களுக்கு வேணுமாக்கா?” என்று கேட்டாள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை எதிர்பார்த்தேன். அவளும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். பெரிய மனுஷியாக, வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிடுவார், எல்லோருக்கும் பாரம் இறங்கிவிடும் என்று. கதைகளில் அப்படித்தானே வருகிறது.

“வேணும்” என்றார் அண்ணி. “இன்னாடி இப்படிப் பாக்கற? எனக்கு வேணும். சேத்துல வுழுந்தது நானு. சாவப் போறவகிட்ட வந்து நாயம் கேக்கறியா? போட்டுக் குடு. நான் இருக்கற வரைக்கும் தாங்கினா போதும்.”

என் மனைவி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“முடியாதுக்கா” என்றாள்.

“முடியாதுன்னா அப்பறம் எதுக்குடி வந்து கேட்ட?”

“உங்களுக்கு வரவேண்டியத நான் வேணாங்கறேன். உங்களுக்குத் தெரியாம அதச் செய்ய எனக்கு மனசு வரல.”

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் எழுந்தார். எங்கள் அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். கை ஓங்கி நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் ஓங்கவில்லை.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காதீங்க” என்றார்.

திரும்பி வரும்போது தெருவில் நின்று அவளைத் திட்டினேன். கேட்காமலே இருந்திருக்கலாமே, காண்ட்ராக்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் அண்ணனுக்குத் தெரியவே தெரியாதே, எதற்காக நீயே போய் நெருப்பை வைத்தாய் என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டு நடந்தாள். அவள் சொல்லாத பதிலை நான் பல வருஷம் கழித்துத்தான் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அடுத்தவர் வாழ்க்கையில் நஷ்டம் உண்டாக்குகிற முடிவை எடுக்கிறவர்கள் சாதாரணமாக ஆபீஸில் உட்கார்ந்து எடுப்பார்கள். நஷ்டப்படுகிறவருக்குக் காரணம் தெரியாது, யார் செய்தது என்றும் தெரியாது. அவள் கட்டிலடியில் போய் உட்கார்ந்து, நான்தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குத் தைரியம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் திமிராகத்தான் பட்டது.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. முதல் டயாலிசிஸ் நாளன்று விடிந்தும் விடியாததுமாக அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். படியை மிதிக்கவில்லை, கீழே மழையில் நின்றாள். வேறு வழியில்லாமல் நானும் போய் நின்றேன். அண்ணன் ஏற்கெனவே இரண்டு ஆட்களை வரச் சொல்லியிருந்தார். ஒருவன் வரவில்லை. வந்தவனும் அண்ணனும் நாற்காலியைத் தூக்கிப் படி இறங்குவதற்குள் அது இரண்டு தடவை சாய்ந்தது.

“நிறுத்துங்க” என்று அண்ணி நாற்காலியில் இருந்தபடியே கத்தினார். “அவளைப் புடிக்கச் சொல்லுங்க. ரோடுதான் குடுக்கல, தோளாவது குடுக்கட்டும்.”

அண்ணனும் அந்த ஆளும் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். என் மனைவி முன்னால் பிடித்தாள், நான் பின்னால் பிடித்தேன். மெயின் ரோடு வரும்வரை அண்ணியின் வாய் மூடவில்லை. “பாத்து வெய்டி கால. கண்ணு எங்க இருக்குது உனக்கு? தலைவராம் தலைவரு. உன் தெருவு லட்சணத்தப் பாரு. ஊரு சிரிக்குது.” ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்து, என் மனைவி அவர் காலில் இருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள். அண்ணி காலை இழுத்துக்கொள்ளவில்லை. நன்றாக இரு என்றோ, போய் வருகிறேன் என்றோ சொல்லவும் இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே நடந்தது. போகும்போதும் தூக்கினாள், திரும்பி வரும்போதும் தூக்கினாள். கொம்யூன் ஆபீஸில் கூட்டம் இருந்த நாட்களில் முழங்கால் வரை சேறோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ அதிகாரி முகம் சுளித்தாராம். எங்கள் தெருவைக் கொஞ்சம் கூடவே கொண்டு வந்தேன் சார், அடுத்த முறை மறந்துவிடக் கூடாது இல்லையா என்றாளாம். தெருவில் எல்லோர் எதிரிலும் அண்ணி அவளைத் திட்டுவது ஊருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. எனக்கு மானம் போனது. அவளோ, திட்டுகிற அளவுக்கு அக்காவுக்கு மூச்சு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

காலனி ரோடு தை மாசம் முடிந்தது. ஜல்லி கொட்டிய நாளிலிருந்து பக்கத்திலேயே நின்றாள். காண்ட்ராக்டர் நொந்துபோய், இந்தம்மா ஊரில் இனி வேலையே எடுக்க மாட்டேன் என்று என் கடையில் வந்து புலம்பினார். அந்த ரோடு இன்றைக்கும் இருக்கிறது. ஓரம்கூடப் பெயரவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த முறை வரவே இல்லை. கேட்டாள், நடந்தாள், கொம்யூனில் உட்கார்ந்து சண்டை போட்டாள். இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே போய் அவள் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. எல்லாம் அதிகாரிகள் கைக்குப் போனது. இதற்கு நடுவில் அண்ணி இன்னொரு மழைக்காலத்தையும் நாற்காலியிலேயே கடந்தார். அந்த வருஷம் மாசியில், வெயில் அடித்துத் தெரு கட்டாந்தரையாக இருந்த ஒரு நாளில், ஆட்டோ வீட்டு வாசலுக்கே வந்து அழைத்துப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பாகத்தான் திரும்பி வந்தார்.

அண்ணியை என் மனைவிதான் குளிப்பாட்டினாள். அண்ணன் தடுக்கவில்லை. பாடை புறப்பட்டபோது எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அத்தனை நாள் சுமந்தவள் அன்றைக்கு வெறுங்கையோடு நின்றாள். பாடையின் ஒரு முனை என் தோளில் இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்த்தேன்.

அதன் பிறகு அண்ணன் எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பாமல் போவார். தீபாவளி, பொங்கல் எதற்கும் போக்குவரத்து கிடையாது. வருஷங்கள் அப்படியே ஓடின. என் மனைவிக்கு ஊரில் நல்ல பெயர் வளர்ந்துகொண்டே போனது, எனக்கு அண்ணன் இல்லாமல் போனார். இதில் எது பெரிது என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணன்தான் என்று சொல்லியிருப்பேன்.

சமீபத்தில் ஒரு நாள் திடீரென்று எங்கள் தெருவில் ஜல்லி வந்து இறங்கியது. ரோடு போடப்போகிறார்களாம். யாரும் யாரையும் கேட்கவில்லை. எவ்வளவு நீளம், என்ன கனம் என்று கேட்டால் சொல்வதற்கும் யாரும் இல்லை. மறுநாள் கலவை மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணன் நின்றிருந்தார்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

“ரோடு போடறானுங்க. ஜல்லியே கண்ணுல காணோம், வெறும் மண்ணா இருக்குது. நான் போயி கேட்டா நீ யாருன்றான். நீ வா.”

“இப்ப நான் மட்டும் யாரு மாமா? பதவி போயி எத்தினி வருஷம் ஆவுது.”

“நீ யாருன்னு எனக்குத் தெரியும். வா.”

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, அப்படியே போனாள். அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை. மேஸ்திரியோடு சண்டை, சூபர்வைசரோடு சண்டை, போனில் யாரோ என்ஜினீயரோடு சண்டை. போட்ட பகுதியை வெட்டி எடுத்துத் திரும்பப் போட வைத்தாள். தெருவே அவள் பின்னால் வந்து நின்றது, அண்ணன் எல்லோருக்கும் முன்னால் நின்றார். கடைசியாக அண்ணன் வீட்டு வாசல் வரை கலவை வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் மட்டம் பார்த்து இழுத்து முடித்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் ஓரமாக நின்றோம். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, அன்னிக்கி அக்கா வேணும்னு கேட்டாங்க” என்றாள்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டா. நீ குடுத்திருந்தா அந்த ரெண்டு வருஷம் அவ நல்லபடியா போயி வந்திருப்பா. அத நான் மறக்க மாட்டேன்” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஆனா குடுத்திருந்தா, இன்னிக்கி உன்னக் கூப்புட வந்திருக்க மாட்டேன்” என்றார்.

ஈரச் சிமெண்டில் கால் படாமல் சுவரோரமாக நடந்து அவர் தன் வீட்டுக்குள் போனார். என் மனைவி அண்ணன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, தெருவில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.